நாளைப் போவார்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலூரில் விழித்திருப்பவர்கள் மூன்று வகையினர். கடலுக்குப் படகைத் தள்ளுகிறவர்கள் ஒரு வகை. பால் கறப்பவர்கள் ஒரு வகை. தூக்கம் வராத கிழவர்கள் ஒரு வகை. அடியேன் மூன்றாவது வகையைச் சேர்ந்தவன். சென்ற பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமையன்று, நாலாவது வகை ஒன்றும் உண்டு என்று தெரிந்துகொண்டேன். அந்த வகை ஆசாமி திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுத் தாழ்வாரத்திலேயே, கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கையிலுள்ள கைபேசியை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வேறு யாருமில்லை. லண்டனில் உத்தியோகம் பார்க்கும் என் மருமான். தங்கையின் பிள்ளை. நாலு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தவன், வந்த மூன்றாம் நாளே கோழி கூவுமுன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததோ என்று நான் பதறிப்போய், "என்னடா விசேஷம்?" என்று கேட்டேன்.

"அமெரிக்காவில் கால்பந்து இறுதிப் பந்தயம், மாமா. இப்போதுதான் ஆரம்பம். லண்டனில் இருந்தால் இரவு பதினொன்றரை மணிக்கு ஆரம்பித்திருக்கும். இங்கே ஐந்து மணி. நமக்குத்தான் சௌகரியம்!" என்றான்.

கால்பந்து என்றதும் எனக்கும் உற்சாகம் பிறந்தது. பாயை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே நான் கண்டது என்ன? பந்து உருண்டையாக இல்லை. தேங்காயைப் போல் இரு பக்கமும் கூம்பியிருந்தது. அதைக் காலால் யாரும் தொடுவதாகக் காணோம். தலைக்கவசமும் மார்க்கவசமும் தரித்த ராட்சதர்கள் இரு வரிசையாகக் குனிந்து நின்றார்கள். யாரோ ஒருவன் கத்தினான். உடனே ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பிறகு எழுந்து நின்று வெகு நேரம் யோசித்தார்கள்.

"இது கால்பந்தா, சடுகுடுவா?" என்றேன்.

"பிடிப்பதில் சடுகுடு, யோசிப்பதில் சதுரங்கம்" என்று அவன் விளக்கினான். மைதானத்தின் நீளம் நூறு கெஜம். பந்து வைத்திருக்கும் கட்சிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். கோடு தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு எண்ணிக்கை. ஆட்டத்தின் கடிகாரம் என்னவோ அறுபது நிமிஷந்தான். ஆனால் பார்த்து முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேலாகும்.

சாராம்சம் எனக்குப் புரிந்தது. எதிரியின் நிலத்தை அடி அடியாகப் பறிப்பதுதான் விளையாட்டு. ஆகவே அன்று மாலை மருமானைத் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துச் சென்றேன். நிலம் பறிக்கும் ஆட்டத்தின் ஆதி மைதானம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்பதை அவனுக்குக் காட்ட வேண்டாமா?

* * *

கெடில நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில், ஒரு காலத்தில் புனித டேவிட் கோட்டை இருந்தது. இப்போது இடிபாடுகளே மிச்சம். 1690ஆம் வருஷத்தில் செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் இதை விலைக்கு வாங்கினார்கள். வாங்கியபோது ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரையிலுள்ள நிலமெல்லாம் அவர்களைச் சேரும்! நல்ல பீரங்கியாகப் பார்த்து எடுத்து நாலு திக்கிலும் சுட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றைக்கும் வழங்குகிறது. ஊருக்குள் குண்டு சாலையும் இருக்கிறது.

"பாருடா! உன் அமெரிக்கர்கள் நாலு தடவை முயன்று பத்து கெஜம் சம்பாதிக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொரு உதையிலும் பல கிராமங்களைச் சம்பாதித்திருக்கிறார்கள்" என்றேன்.

மருமான் விழுந்து விழுந்து சிரித்தான்.

1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, ராபர்ட் கிளைவ் வேஷம் மாறித் தப்பி ஓடிவந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அது முதல் 1752 வரையில் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுவே தலைமை ஸ்தலம். 1758இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி வந்து பிடித்து இடித்துத் தள்ளினான். கோட்டை போயிற்று, ஆனால் கோட்டைக்காரர்கள் போகவில்லை. அதன் பிறகும் ஏறக்குறைய இருநூறு வருஷம் இருந்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது பீரங்கியை எடுத்துச் சென்றார்கள். பந்தை விட்டுச் சென்றார்கள்.

அந்தப் பந்தை நம்மவர் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குக் கல்கத்தாவில் 1911 ஜூலை 29ஆம் தேதி நடந்த ஆட்டமே சாட்சி. மோகன் பகான் அணியின் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் இறங்கினார்கள். பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்துக் கேடயத்தைக் கொண்டுபோனார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மயிர்க்கூச்செறியும். அன்றும் எறிந்தது.

மணலில் உட்கார்ந்தபடி மருமான் வேறொரு கதை சொன்னான். உலகத்துக்கெல்லாம் விளையாட்டுக் கற்றுக் கொடுத்ததாகப் பெருமைப்படும் இங்கிலாந்து தேசத்திலேயே, இப்போது பிற தேசத்தார் ஆட்டத்துக்காகத் தூக்கம் விழிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களாம். 1982 நவம்பரில் அங்கே ஒரு தொலைக்காட்சி நிலையத்தார் வாரந்தோறும் அமெரிக்கக் கால்பந்தைக் காட்ட ஆரம்பித்தார்கள். 1986 ஆகஸ்டு 3ஆம் தேதி சிகாகோ, டல்லாஸ் அணிகள் லண்டனுக்கே வந்து வெம்பிளி மைதானத்தில் ஆடின. எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள். 2007இல் முதல் தடவையாக அமெரிக்கச் சங்கத்தின் முறையான ஆட்டம் ஒன்றே அங்கு நடந்தது. இவ்வளவுக்கும் அந்த ஆட்டம் ஆங்கிலேயரின் ரக்பியிலிருந்து அமெரிக்காவில் பிறந்தது. வால்ட்டர் காம்ப் என்பவர் 1880களில் விதிகளை மாற்றி அதற்குத் தனி உருவம் கொடுத்தார். தாய் வீட்டிலிருந்து போன பெண், அடையாளம் தெரியாத வேஷத்தில் திரும்பி வந்த கதைதான்.

"அது சரி, நீ எப்படி இதில் மாட்டிக்கொண்டாய்?" என்றேன்.

அவன் சிறிது நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் வருஷம் அங்கே எனக்குப் பேச்சுத் துணை கிடையாது, மாமா. கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினால், 'நீ இந்தியன், உனக்குத் தெரியாததா?' என்று ஒதுங்கிவிடுவார்கள். அவர்களுடைய கால்பந்தைப் பற்றிப் பேசினால், 'நீ எந்தப் பேட்டைக்காரன்? உன் தகப்பனார் எந்தக் கட்சி?' என்று கேட்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் தம் வீட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே ஏழெட்டுப் பேர் இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ்காரர், போலந்துக்காரர், நைஜீரியாக்காரர் எல்லோரும் இருந்தார்கள். யாருடைய ஊர் அணியும் அதில் கிடையாது. அந்த ஆட்டத்தில் எல்லோருமே வந்தேறிகள். அதனால் எனக்கும் ஓர் இடம் இருந்தது. நான் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். அன்று எந்தக் கட்சி தோற்றதோ அந்தக் கட்சி என்றேன். அது முதல் அதுவே என் கட்சி."

அவன் சொன்னதைக் கேட்டு என் மனம் இளகியது. தூக்கம் கெடுவதைப் பற்றி அவனைக் கேலி செய்தேனே, அதற்காக வருந்தினேன். கேலி செய்ய எனக்கு யோக்கியதையும் கிடையாது. 1986 ஜூன் மாதம் முழுவதும் நான் என்ன செய்தேன்? மெக்ஸிகோவில் உலகக் கோப்பைப் பந்தயம். எதிர்வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் நள்ளிரவில் தெருவே கூடியிருந்தது. மரடோனா இங்கிலாந்தைத் தோற்கடித்த மறுநாள், நாங்களே கோட்டையைத் திரும்பப் பிடித்துவிட்டதுபோல் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி வந்தோம். ஜூன் 29ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்த இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா மூன்றுக்கு இரண்டாக மேற்கு ஜெர்மனியை வென்றது. அந்த அணியில் ஆடிய பதினொருவர் பெயரையும் நான் இன்றைக்கும் ஒப்பிப்பேன். மருமானிடமும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"பலே மாமா!" என்றான் அவன். பிறகு, ஒரு கபடமும் இல்லாமல், "நம் ஊரில் யார் ஆடுகிறார்கள்?" என்று கேட்டான்.

எனக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை.

* * *

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர், திரும்பும் வழியில் நாங்கள் டீ குடித்த கடைக்காரர்.

"என்ன ஸார் இப்படிக் கேட்கிறீர்கள்? இந்துமதி நம்ம ஊர்ப் பெண் அல்லவா?" என்று ஆரம்பித்தார். டீ ஆறிப்போகும் வரையில் நிறுத்தவில்லை.

2018ஆம் வருஷம் கட்டாக் நகரத்தில் நடந்த தேசிய மாதர் கால்பந்துப் போட்டியில், பல முறை பட்டம் வென்ற மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று தமிழ்நாடு முறியடித்தது. அதுவே தமிழ்நாட்டுக்கு முதல் பட்டம். அந்த அணியில் இருந்தவர் கடலூர் இந்துமதி கதிரேசன். 2019இல் நேபாளத்தில் நடந்த தெற்காசியப் பந்தயத்தில் வெற்றி பெற்ற இந்திய அணியிலும் அவர் ஆடினார். போலீஸ் இலாகாவில் உதவி ஆய்வாளர் உத்தியோகம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது பந்தை வைத்துவிட்டுச் சென்னைத் தெருவில் காவல் நின்றார். 2023இல் அமிருதசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாம் முறையும் பட்டம் பெற்றது. கடலூரில் பெண்களுக்குப் பந்து கற்றுக் கொடுக்கும் இந்திரா காந்தி விளையாட்டுக் கழகம், 2018இல் அகில இந்திய மாதர் சங்கப் போட்டி வரையில் போய் ஆடியிருக்கிறது.

"2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் வந்ததே, ஸார்! இதே தேவனாம்பட்டினத்தில் எத்தனை வீடு போயிற்று! அப்போது தாய் தகப்பனை இழந்த பெண் குழந்தைகளில் சிலர்கூட அந்த மைதானத்தில்தான் பந்து உதைக்கக் கற்றார்கள். நீங்கள் போய்ப் பார்த்ததில்லையா?" என்றார்.

"நாளைக்குப் போகலாம்" என்றேன் நான். சொன்னவுடனே என் நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. ஏனென்றால் அந்த வார்த்தையை அதே விஷயத்தில் முன்பு ஒரு தடவை நான் சொல்லியிருக்கிறேன்.

என் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 2006 என்று ஞாபகம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் புத்தகப் பையைக்கூட இறக்காமல், "அப்பா, மைதானத்தில் பெண்கள் பந்து ஆடுகிறார்கள். நானும் சேரட்டுமா?" என்று கேட்டாள். நான் கூடாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் பழைய பஞ்சாங்கம் அல்லவே நான்? "நாளைக்குப் போய் விசாரிக்கலாம்" என்றேன். மறுநாளும் அவள் கேட்டாள். மறுநாளும் அதையே சொன்னேன். ஒரு வாரம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அந்த வருஷமும் உலகக் கோப்பை வந்தது. ஜெர்மனியில் நடந்த ஆட்டங்களை இரவில் கண் விழித்துப் பார்த்தேன். என் பக்கத்திலேயே பாயில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்துமதிக்கும் என் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

இதை மருமானிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சிதம்பரம் போவதாக ஏற்பாடு. ரயிலுக்கு நேரமாகும் என்று சீக்கிரம் படுத்துக்கொண்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

* * *

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயில் பிரயாணம் சுமார் ஒரு மணி நேரம். கடலூர் துறைமுகம் சந்திப்பைத் தாண்டினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை. பிறகு வெள்ளாற்றுப் பாலம். பரங்கிப்பேட்டைக்கு அருகேதான் 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் பெரும் போர் புரிந்தார்கள். இப்போது அங்கே பனைமரங்களும், உப்புக் காற்றும், தூண்டில் தோளில் சார்த்திய சிறுவர்களுந்தான். வண்டி வளைந்து திரும்பும்போது, பசேலென்ற வயல்களுக்கு மேலே தில்லைக் கோபுரம் எழுந்து நின்றது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் வண்டியிலிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கோபுர வாசலில் மருமான் வெகு நேரம் நின்றுவிட்டான். நாட்டிய சாஸ்திரத்தின் நூற்றெட்டுக் கரணங்களும் அங்கே கல்லில் செதுக்கியிருக்கின்றன. காலைப் பக்கவாட்டில் வீசுவது ஒன்று. முழங்காலை மடக்கிச் சுழல்வது ஒன்று. பாதத்தைத் தலைக்கு மேலே தூக்குவது ஒன்று. "மாமா, காலால் என்னென்ன செய்யலாம் என்பதற்கு இதற்கு மேலும் ஒரு புத்தகம் வேண்டுமா?" என்றான்.

உள்ளே நடராஜப் பெருமானைத் தரிசித்து நின்றோம். தூக்கிய இடது திருவடியைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பாடுகிறவர்களும் அதையே பாடுகிறார்கள். மருமானுடைய பார்வை கீழே போயிற்று. முயலகன் மேல் ஊன்றியிருக்கும் வலது திருவடியைப் பார்த்தான்.

"பந்து ஆடுகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள், மாமா. உதைக்கிற கால் என்ன செய்யும் என்பது ஊன்றிய காலைப் பொறுத்தது என்பார்கள்" என்றான் மெதுவாக.

பிராகாரத்தில் நந்தனார் நினைவு வந்தது. ஆதனூரில் இருந்துகொண்டு, காணாத தில்லையை நினைத்து நினைத்து, "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று உருகியவர். அதனால் திருநாளைப்போவார் என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது என்று பெரிய புராணம் கூறுகிறது. தூரத்திலிருந்து ஒன்றினிடம் மனத்தைப் பறிகொடுத்தவர்களுக்கெல்லாம் அவரே தலைவர். லண்டனில் நடுநிசியில் விழித்திருக்கும் என் மருமானும் ஒரு வகையில் அவர் பரம்பரையே என்று சொல்லத் தோன்றியது.

ஆனால் உடனே வேறொன்றும் தோன்றியது. நந்தனார் நாளை என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவரைத் தடுத்தது சாதி என்னும் மதில். அதை எழுப்பியவர்கள் பிறர். என்னைத் தடுத்தது எது? என் வீட்டுக்கும் அந்த மைதானத்துக்கும் இடையே மதில் ஏது? பதினாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மெக்ஸிகோவுக்கு இரவோடு இரவாகப் போய்வந்த எனக்கு, நடந்து போகும் தூரத்திலுள்ள மைதானம் மட்டும் ஏன் நாளையாகவே இருந்தது? அங்கே ஆடியவர்கள் நம் வீட்டுப் பெண்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை. தூரத்து ஆட்டம் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. தூக்கத்தை மட்டும் கேட்கிறது. பக்கத்து ஆட்டம் கேட்கிறது: மாலையில் வந்து நில், பூட்ஸ் வாங்கிக் கொடு, பெண்ணை அனுப்பு என்று கேட்கிறது.

அண்ணாமலை நகருக்கும் போனோம். 1929இல் நிறுவிய சர்வகலாசாலையின் மரங்களின் கீழே, தேகப் பயிற்சி மாணவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிச்சாவரத்துக்குப் போய்ப் படகில் சுற்றலாம் என்று திட்டம் போட்டிருந்தோம். "அது அடுத்த தடவை ஆகட்டும். ஐந்து மணிக்குள் கடலூருக்குப் போக வேண்டும்" என்றேன். காரணத்தை மருமான் கேட்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எனக்கு முன்னே நடந்தான்.

* * *

மைதானத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருபது பெண்கள் இருக்கலாம். சிலருக்குப் பூட்ஸ் புதிது, சிலருக்கு நைந்தது. ஓரத்தில் சைக்கிள்கள் சாய்த்து வைத்திருந்தன. தாய்மார் மூன்று பேர் மடியில் புத்தகப் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தகப்பனார் என்று பார்த்தால் ஒருவர்தான். பக்கத்தில் மீன் கூடை இருந்தது.

ஒல்லியான சிறுமி ஒருத்தி இடது ஓரமாகப் பந்தைக் கொண்டு போனாள். எதிரே வந்தவள் அவளைவிட இரண்டு பங்கு பெரியவள். சிறுமி நின்றாள், வலது காலை அழுந்த ஊன்றினாள், இடது காலால் பந்தை அவள் இரு கால்களுக்கும் இடையே தள்ளிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள். மருமான் என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் என்னை மறந்து, "பலே!" என்று கூவிவிட்டேன். பெண்களெல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வழுக்கைத் தலைக் கிழவர் தங்களுக்காகக் கூவியது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரித்தார்கள். பிறகு முன்னைக் காட்டிலும் வேகமாக ஆடினார்கள்.

பந்து ஒரு தடவை என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துக் கொடுத்தபோது அந்தச் சிறுமி, "தாத்தா, நாளைக்கும் வருவீர்களா?" என்று கேட்டாள்.

நாளை என்ற அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பழக்கமானது! இந்தத் தடவை அது வேறு விதமாக ஒலித்தது. "வருகிறேன், அம்மா" என்றேன்.

இரவு என் பெண்ணுடன் டெலிபோனில் பேசினேன். அவள் கோயமுத்தூரில் இருக்கிறாள். அவளுக்கும் ஆறு வயதில் ஒரு பெண் உண்டு. சிதம்பர தரிசனத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு மைதானத்தைப் பற்றிச் சொன்னேன். 2006ஐப் பற்றியும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீட்டுத் தகப்பன்மாருக்குக் கிடையாது. எனக்கும் வார்த்தை கூடிவரவில்லை. ஏதோ உளறினேன்.

அவள் சற்று மௌனமாக இருந்தாள். பிறகு, "அது இருக்கட்டும், அப்பா. அந்தச் சின்னப் பெண் கோல் போட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்லை. கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது."

"ஐயோ!" என்றாள் என் பெண். பதினெட்டு வருஷங்களுக்கு மேல் தனக்குள் வைத்திருந்த குரலில் அதைச் சொன்னாள்.

மருமான் லண்டனுக்குத் திரும்பிவிட்டான். அவனுடைய கட்சி இந்த வருஷமும் தோற்றுப்போயிற்றாம். அவனுக்கு அதில் வருத்தமில்லை. இப்போது அவன் வாரந்தோறும் எழுதும் கடிதத்தில் முதல் கேள்வி, "மாமா, நம் ஊர் ஆட்டம் எப்படி?" என்பதே. நான் பெயர் பெயராக எழுதி அனுப்புகிறேன்.